காயம் சொல்லும் கதை

நான்கு மாதக் குழந்தைக்கு என்னென்ன தெரியும்? முகம் பார்த்துச் சிரிக்கத் தெரியும். பசித்தால் வீறிட்டு அழத் தெரியும். கிலுகிலுப்பைச் சத்தம் கேட்டால் தலையைத் திருப்பத் தெரியும். கெட்டிக்காரக் குழந்தையானால் குப்புற விழவும் முயற்சி செய்யும். ஆனால் தவழத் தெரியாது. எதையும் பிடித்துக்கொண்டு நிற்கத் தெரியாது. ஓடிப்போய் மேஜை முனையில் முட்டிக்கொள்ளவும் தெரியாது.

அப்படிப்பட்ட குழந்தையின் காதோரத்தில் நீலம் பாய்ந்து ரத்தம் கட்டியிருந்தால், அது எப்படி வந்தது?

"கட்டிலிலிருந்து உருண்டுவிட்டது." "அக்காக்காரி பொம்மையால் அடித்துவிட்டாள்." "என்னவோ தெரியவில்லை, காலையில் எழுந்து பார்த்தால் இருந்தது." இப்படி ஏதாவது ஒரு பதில் வரும். அது உண்மையாகவும் இருக்கலாம். உண்மையில்லை என்றால், நடந்ததைச் சொல்லக்கூடிய ஒரே சாட்சிக்கு இன்னும் பேச்சு வரவில்லையே, என்ன செய்வது?

தமிழில் 'காயம்' என்றால் உடம்பு என்றும் பொருள், புண் என்றும் பொருள். பேச்சு வராத குழந்தைக்கு அந்த இரண்டும்தான் வாய். அந்த வாய் சொல்வதைக் கேட்க உலகத்து டாக்டர்களும் நர்ஸுகளும் எப்படிக் கற்றுக்கொண்டார்கள்? கேட்கத் தவறியபோது என்ன நேர்ந்தது? சொல்லாததைக் கேட்டதாக நினைத்துக்கொண்டபோது என்ன நேர்ந்தது? இவைதான் இந்தக் கட்டுரையின் விஷயம். இனிப்பான விஷயமல்ல. ஆனால் குழந்தை உள்ள வீடுகள் தெரிந்துகொள்ளவேண்டிய விஷயம்.

எலும்பு எழுதிய நாட்குறிப்பு

பாரிஸ் நகரில் அம்புருவாஸ் தார்தியே என்று ஒரு டாக்டர் இருந்தார். சந்தேகமான மரணங்களைப் பரிசோதித்துக் கோர்ட்டுக்குச் சொல்வது அவர் தொழில். 1860-ல் அவர் ஒரு கட்டுரை வெளியிட்டார். கொடுமைக்கு ஆளான 32 குழந்தைகளைப் பற்றிய கட்டுரை அது. அவர்களில் 18 பேர் இறந்துபோனார்கள். கொடுமை செய்தவர்களில் பெரும்பாலோர் பெற்றோர்களே என்று அவர் ஒளிக்காமல் எழுதினார். அந்தக் காலத்து வைத்திய உலகம் அதைப் படித்ததா என்றே சந்தேகம். பெற்றவர்கள் அப்படிச் செய்வார்களா என்று நம்ப மறுத்து, எல்லோரும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

பிறகு எக்ஸ்-ரே வந்தது. நியூயார்க்கில் ஜான் காஃபி என்ற எக்ஸ்-ரே நிபுணர் 1946-ல் ஆறு கைக்குழந்தைகளைப் பற்றி எழுதினார். ஆறு பேருக்கும் மண்டையோட்டுக்குள் ரத்தக் கசிவு. அதற்காகப் படம் எடுத்தபோது கைகால் எலும்புகளில் முறிவுகள் தெரிந்தன. ஒன்றிரண்டல்ல, ஆறு குழந்தைகளுக்குள் 23 முறிவுகள்! எந்த வீட்டாரும் அடிபட்டதாகச் சொல்லவில்லை. எலும்பில் நோயும் இல்லை. காஃபி மிகவும் ஜாக்கிரதையாகத்தான் எழுதினார். ஆனால் அவர் எழுப்பிய கேள்வியைப் பிறகு யாராலும் அமுக்க முடியவில்லை.

எலும்புக்கு ஒரு விசேஷ குணம் உண்டு. அது பொய் சொல்லாது, மறக்கவும் மறக்காது. முறிந்த இடத்தில் இரண்டொரு வாரத்தில் புது எலும்பு படரத் தொடங்கும். பிறகு அது கெட்டிப்படும். பல மாதங்களில் வழவழப்பாகும். ஆகவே ஒரே குழந்தையின் படத்தில் ஒரு முறிவு புதிதாகவும், இன்னொன்று பாதி ஆறியும், மூன்றாவது முழுதும் ஆறியும் இருந்தால், மூன்று தடவை மூன்று சமயங்களில் ஏதோ நடந்திருக்கிறது என்று அர்த்தம். 'நேற்று ஒருமுறை விழுந்தது' என்ற விளக்கம் அங்கே நிற்காது.

சென்னையை அறிந்த டாக்டர்

இந்த விஷயத்தைத் தெருவுக்குக் கொண்டுவந்தவர் ஹென்றி கெம்ப். ஜெர்மனியில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். ஹிட்லர் காலத்தில் நாட்டை விட்டு வெளியேறி அமெரிக்கா சேர்ந்தவர். அங்கே டென்வர் நகரில் குழந்தை வைத்தியப் பேராசிரியரானார். அவருக்கும் நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. பெரியம்மை ஆராய்ச்சியில் அவர் பெயர் பெற்றவர். 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சென்னையில் அம்மை கண்ட வீடுகளில் இருந்தவர்களுக்குப் புது மருந்துகள் கொடுத்துப் பார்த்த ஆராய்ச்சிகளில் அவர் முக்கிய பங்கு கொண்டார்.

கண்ணுக்குத் தெரியும் அம்மை முத்துக்களைப் போலவே, கண்ணெதிரே இருந்தும் யாரும் பேசாத இன்னொரு கொள்ளை நோயையும் அவர் கவனித்தார். தம் ஆஸ்பத்திரி வார்டில் அடிபட்ட குழந்தைகள் வருவதும், கூட இருந்த டாக்டர்கள் அதற்கு வேறு வேறு வியாதிப் பெயர்கள் எழுதுவதும் அவருக்குப் பொறுக்கவில்லை. 71 ஆஸ்பத்திரிகளுக்கு எழுதிக் கேட்டார். ஒரே ஆண்டில் 302 குழந்தைகள் என்று பதில் வந்தது. 33 பேர் இறந்திருந்தார்கள். 85 பேருக்கு மூளையில் நிரந்தரமான பாதிப்பு.

1962-ல் தோழர்கள் நால்வருடன் சேர்ந்து இதை அவர் வெளியிட்டார். 'நையப் புடைக்கப்பட்ட குழந்தை' என்று அதற்குப் பெயர் வைத்தார். நாகரிகமான பெயர் வைத்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். பெயர் தன் வேலையைச் செய்தது. 1967-க்குள் அமெரிக்காவின் எல்லா மாநிலங்களிலும், சந்தேகம் எழுந்தால் டாக்டர் அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வழி செய்யும் சட்டங்கள் வந்துவிட்டன.

இதில் இன்னொரு செய்தியும் உண்டு. கெம்ப்புடன் இருந்த மனநோய் நிபுணர் பிராண்ட் ஸ்டீல், அடித்த பெற்றோர்களுடன் உட்கார்ந்து பேசினார். அவர்கள் ராட்சதர்களாக இல்லை. எல்லா வகுப்பிலும், எல்லாப் படிப்பிலும் இருந்தார்கள். பலர் தாமே அடிபட்டு வளர்ந்தவர்கள், துணைக்கு யாருமில்லாதவர்கள். அழுகிற கைக்குழந்தை தங்களை வெறுக்கிறது என்றுகூட நினைத்துக்கொண்டவர்கள்! ஆகவே கண்டுபிடிப்பது தண்டிப்பதற்கு மட்டுமல்ல, உதவுவதற்கும்தான் என்று அவர்கள் இருவரும் வற்புறுத்தினார்கள்.

தவழாத குழந்தையும் தடுமாறும் குழந்தையும்

இனி, காயத்தைப் படிக்கும் அரிச்சுவடிக்கு வருவோம். நம் வீட்டுப் பாட்டிமார்களுக்கு இந்த அரிச்சுவடியின் முதல் பாடம் தெரியும். நடை பழகும் குழந்தையின் முழங்காலிலும் நெற்றியிலும் அடிபட்டிருந்தால் அவர்கள் கவலைப்படுவதில்லை. "விழாமல் நடை வருமா?" என்பார்கள். படுத்த படுக்கையாக இருக்கும் குழந்தையின் உடம்பில் ஏதாவது கண்டால்தான் பதறுவார்கள்.

அமெரிக்காவில் சியாட்டில் நகர டாக்டர்கள் 1999-ல் இதையே கணக்குப் போட்டுக் காட்டினார்கள். வழக்கமான பரிசோதனைக்கு வந்த, மூன்று வயதுக்கு உட்பட்ட 973 குழந்தைகளைத் தலை முதல் கால் வரை பார்த்தார்கள். நடக்கும் குழந்தைகளில் பாதிக்கு மேல் எங்காவது ரத்தம் கட்டியிருந்தது. பிடித்துக்கொண்டு நடப்பவர்களில் நூற்றுக்குச் சுமார் 18 பேர். ஆறு மாதத்துக்கு உட்பட்ட 366 குழந்தைகளில்? இரண்டே இரண்டு பேர்!

வயது ஒரு பாடம் என்றால், இடம் இன்னொரு பாடம். விழும் குழந்தைக்கு எலும்பு துருத்திய இடங்களில்தான் அடிபடும். நெற்றி, மோவாய், முழங்கால், முன்கால் எலும்பு. காது, கழுத்து, வயிறு, முதுகு, பிருஷ்டம் ஆகியவை விழும்போது தரையில் படுகிற இடங்களல்ல. சிக்காகோவில் மேரி கிளைடு பியர்ஸ் என்ற பெண் டாக்டர் பல ஆண்டுகள் இதை ஆராய்ந்தார். ரத்தக்கட்டுடன் வந்த, நான்கு வயதுக்கு உட்பட்ட 2,161 குழந்தைகளை அவரும் தோழர்களும் ஆராய்ந்து, 2021-ல் ஒரு சூத்திரம் வெளியிட்டார்கள். அதை நம் பாஷையில் இப்படிச் சொல்லலாம்:

நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு உடற்பகுதியிலோ, காதிலோ, கழுத்திலோ ரத்தம் கட்டியிருந்தால் கவனி. கன்னத்தின் சதைப்பற்றில், தாடை மூலையில், கண் இமையில் இருந்தால் கவனி. வெண்விழியில் ரத்தம் தேங்கியிருந்தாலோ, உதட்டை ஈறோடு சேர்க்கும் மெல்லிய சதை கிழிந்திருந்தாலோ கவனி. விரல்களோ, பெல்ட்டோ, கயிறோ பதிந்த அச்சுப் போல் இருந்தால் எங்கே இருந்தாலும் கவனி. ஏறக்குறைய ஐந்து மாதம் நிறையாத குழந்தையானால், உடம்பில் எங்கே ரத்தம் கட்டியிருந்தாலும் கவனி.

'கவனி' என்றுதான் சூத்திரம் சொல்கிறது. 'குற்றம் சாட்டு' என்று சொல்லவில்லை. துன்புறுத்தப்பட்ட குழந்தைகளில் 100-க்கு 95 பேரை இது காட்டிக்கொடுத்தது. ஆனால் தற்செயலாக அடிபட்ட குழந்தைகளிலும் 100-க்கு 13 பேரை இது சுட்டிக் காட்டிவிட்டது. இந்த வித்தியாசத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

சின்னக் காயம் தந்த எச்சரிக்கை

"ஒரு சின்ன ரத்தக்கட்டுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா?" என்று நீங்கள் கேட்கலாம். அதற்குப் பதில் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்திலிருந்து 2013-ல் வந்தது. துன்புறுத்தப்பட்டது உறுதியான 200 கைக்குழந்தைகளின் பழைய சரித்திரத்தை டாக்டர்கள் துருவிப் பார்த்தார்கள். பலத்த அடியோடு வருவதற்கு முன்பே, நூற்றுக்கு 27 குழந்தைகளுக்கு மேல் சின்னதாக ஒரு காயம் பட்டிருந்தது. பெரும்பாலும் ஒரு ரத்தக்கட்டு. சிலருக்கு வாய்க்குள் ஒரு கீறல். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, துன்புறுத்தல் இல்லை என்று தெளிவான 101 குழந்தைகளையும் எடுத்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருவருக்குக்கூட அப்படி முன்காயம் இருந்ததில்லை.

அந்தச் சின்னக் காயங்களை யாருமே பார்க்கவில்லையா? பார்த்திருக்கிறார்கள்! பத்தில் நான்கு சம்பவங்களில் ஒரு டாக்டருக்கோ நர்ஸுக்கோ அது தெரிந்திருந்தது. வீட்டார் சொன்ன காரணத்தைக் கேட்டுக்கொண்டு களிம்பு தடவி அனுப்பிவிட்டார்கள். வாசற்கதவைத் தட்டிய எச்சரிக்கை, பதில் இல்லாமல் திரும்பிப் போய்விட்டது.

ஏன் அப்படி அனுப்பிவிடுகிறார்கள்? டென்வர் நகரத்து ஆராய்ச்சி ஒன்று இதற்கு வெட்கப்படத்தக்க விடை தருகிறது. தலையில் அடிபட்டுத் துன்புற்ற 173 சின்னஞ்சிறு குழந்தைகளில், 54 பேரை முதலில் பார்த்த டாக்டர்கள் அடையாளம் காணவில்லை என்று 1999-ல் அது வெளியிட்டது. குழந்தை வாந்தி எடுத்தது, சிணுங்கியது. வயிற்றுக் கோளாறு என்றோ ஜலதோஷம் என்றோ சொல்லி அனுப்பினார்கள். வெள்ளைக்காரக் குழந்தையாக இருந்து, தாயும் தகப்பனும் சேர்ந்து வாழும் வீடாகவும் இருந்தால், தவறவிடுவது இன்னும் அதிகமாக நடந்தது. அதாவது, டாக்டர்கள் குழந்தையைப் பார்க்கவில்லை, குடும்பத்தின் அந்தஸ்தைப் பார்த்தார்கள். பட்டுப்புடவையைப் பார்த்துப் பெண்ணை மதிப்பிடும் பழக்கம் நமக்கு மட்டும் சொந்தமல்ல!

ஹாலந்தின் ஆறு கேள்விகள்

ஆளைப் பார்த்துச் சந்தேகப்படுவதில் இரண்டு தீமைகள். ஏழை வீட்டுத் தாய் அநியாயமாகச் சந்தேகிக்கப்படுவாள். பணக்கார வீட்டுக் குழந்தை அநியாயமாகக் கைவிடப்படும். இதற்கு ஹாலந்து தேசத்தில் ஒரு வழி கண்டார்கள். ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்கு வரும் எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே கேள்வித்தாள்! மந்திரி மகனும் மாட்டுக்காரன் மகனும் எடைபோடும் தராசில் ஏறி இறங்குவது போல, இந்தக் கேள்விகளிலும் ஏறி இறங்கவேண்டியதுதான். எல்லோருக்கும் உண்டு என்னும்போது யாருக்கும் அவமானம் இல்லை.

கேள்விகள் ஆறுதான். காயம் பட்ட விதத்தைச் சொல்லும்போது முன்னுக்குப்பின் முரண் இல்லாமல் சொல்கிறார்களா? ஆஸ்பத்திரிக்கு வரக் காரணமில்லாமல் தாமதம் செய்தார்களா? இந்த வயதுக் குழந்தைக்கு இப்படி அடிபட முடியுமா? குழந்தையும் கூட வந்தவர்களும் ஒருவரோடொருவர் நடந்துகொள்வது இயல்பாக இருக்கிறதா? உடம்பு முழுதும் பார்த்தபோது தெரிந்தது, சொன்ன கதையோடு ஒத்துப்போகிறதா? இந்தக் குழந்தைக்கோ வீட்டிலுள்ள வேறு யாருக்குமோ ஆபத்து இருக்கலாம் என்று நினைக்க வேறு ஏதாவது காரணம் உண்டா?

கவனித்தீர்களா? ஆறில் ஒன்றுகூட, "அடித்தீர்களா?" என்று கேட்கவில்லை. பெற்றோரிடம் விசாரணை நடத்தும் கேள்விகளல்ல இவை. நர்ஸ் தன்னையே கேட்டுக்கொள்ளும் கேள்விகள். கதையும் காயமும் ஒட்டுகின்றனவா என்று பார்ப்பதே முழு வித்தையும்.

ஏழு ஆஸ்பத்திரிகளில் 2008, 2009-ஆம் ஆண்டுகளில் இதைப் பரீட்சித்தார்கள். 1,04,028 குழந்தைகள் வந்தார்கள். தொடக்கத்தில் நூற்றுக்கு 20 குழந்தைகளுக்குத்தான் தாள் நிரப்பப்பட்டது. நர்ஸுகளுக்குப் பயிற்சி கொடுத்த பிறகு அது 67 ஆக உயர்ந்தது. தாள் நிரப்பிய குழந்தைகளில் ஆயிரத்துக்கு ஐந்து பேர் விஷயத்தில் சந்தேகத்துக்கு இடமிருந்தது தெரிந்தது. நிரப்பாதவர்களில் ஆயிரத்துக்கு ஒருவர்தான். கேட்டால் தெரிகிறது; கேட்காவிட்டால் தெரிவதில்லை.

அந்த நாட்டின் ஹேக் நகரில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். அவசரப் பிரிவுக்குக் குழந்தை வரவேண்டும் என்பதுகூட இல்லை. பெரியவர்கள் வந்தாலே போதும். கணவனிடம் அடிபட்ட மனைவி, விஷம் குடித்துக் காப்பாற்றப்பட்டவர், அளவுமீறிக் குடித்து வந்தவர் – இவர்களிடம் நர்ஸ் ஒரு கேள்வி கேட்பாள்: "வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்களா? இப்போது யார் பார்த்துக்கொள்கிறார்கள்?" 2007 டிசம்பருக்கு முன், இந்த வழியில் தெரியவந்தவர்கள் லட்சம் நோயாளிகளில் ஒருவர். கேள்வி கேட்கத் தொடங்கிய பிறகு, லட்சத்துக்கு 64 பேர். விசாரித்ததில் நூற்றுக்கு 91 குடும்பங்களில் சந்தேகம் சரியாகவே இருந்தது. ஒரு வாக்கியக் கேள்விக்கு இவ்வளவு சக்தி!

பரிசோதனையில் என்ன செய்வார்கள்?

சந்தேகம் தட்டினால் உடனே போலீஸ் வந்து நிற்கும் என்று பயப்படவேண்டாம். முதலில் நடப்பது வைத்தியம். குழந்தையின் ஆடைகளைக் களைந்து முழு உடம்பையும் பார்த்து, காயங்களை அளந்து, படம் வரைந்து குறித்துக்கொள்வார்கள். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தையானால் எல்லா எலும்புகளுக்கும் எக்ஸ்-ரே எடுப்பார்கள். விலா எலும்பின் புது முறிவு முதல் நாள் படத்தில் ஒளிந்துகொள்ளும்; ஆறத் தொடங்கியதும்தான் தெரியும். அதனால் இரண்டு வாரம் கழித்து மறுபடியும் எடுப்பார்கள். தலைக்குள் ரத்தக் கசிவு உண்டா என்று ஸ்கேன் பார்ப்பார்கள். கண் டாக்டர் விழித்திரையைப் பார்ப்பார். ரத்தம் உறையும் தன்மையைப் பரிசோதிப்பார்கள். வீட்டில் வேறு சின்னக் குழந்தைகள் இருந்தால் அவர்களையும் பார்ப்பார்கள்.

இதில் பாதி வேலை குற்றத்தைத் தேடுவதற்கல்ல, குற்றமில்லை என்று காட்டக்கூடிய வியாதியைத் தேடுவதற்கு. ஏனென்றால் காயம் சொல்லும் கதையைத் தப்பாகவும் படித்துவிடலாம்.

தப்பாகப் படித்த கதைகள்

நம் குழந்தைகளில் பலருக்குப் பிறக்கும்போதே பிருஷ்டத்திலும் இடுப்பிலும் நீலமும் சாம்பலும் கலந்த திட்டு ஒன்று இருக்கும். சில ஆண்டுகளில் தானே மங்கிவிடும். நமக்கு அது பழகின சங்கதி. ஆனால் வெள்ளைத் தோலையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது ரத்தக்கட்டு! வெளிநாட்டில் குடியிருக்கும் மகளோ மருமகளோ உங்களுக்கு இருந்தால், குழந்தை பிறந்ததுமே அந்தத் திட்டை ஆஸ்பத்திரிச் சீட்டில் குறிக்கச் சொல்லுங்கள். பிற்பாடு பெரிய சங்கடம் மிச்சமாகும்.

ரத்தம் எளிதில் உறையாத வியாதிகள் உண்டு, தொட்டாலே கன்றிப்போகும். கண்ணாடி போல் எலும்பு ஒடியும் பிறவிக் குறையும் உண்டு. அன்பினால் செய்யும் கை வைத்தியங்களும் தடம் பதிக்கும். வியட்நாமில் காய்ச்சலுக்கு முதுகில் நாணயத்தால் தேய்ப்பார்கள், வரிவரியாகச் சிவந்துவிடும். அதைச் சாட்டையடி என்று எண்ணியவர்கள் உண்டு. நம் நாட்டிலும் சில இடங்களில் காமாலைக்கும் வலிப்புக்கும் குழந்தைக்குச் சூடு போடும் வழக்கம் முற்றிலும் ஒழியவில்லை. அது குழந்தைக்குக் கெடுதல், கட்டாயம் நிறுத்தவேண்டும். ஆனால் அந்தத் தாயிடம் பேசவேண்டிய பேச்சு வேறு.

இங்கிலாந்தில் கிளீவ்லாந்து என்ற பகுதியில் 1987-ல் நடந்தது ஒரு பெரிய பாடம். சில மாதங்களுக்குள் 121 குழந்தைகள் பாலியல் கொடுமைக்கு ஆளானதாக ஆஸ்பத்திரியில் முடிவு கட்டப்பட்டது. ஒரு உடல் அடையாளத்துக்கு அளவுக்கு மீறின மதிப்புக் கொடுத்தது அதற்கு ஒரு முக்கியக் காரணம். வீடுகளிலிருந்து குழந்தைகள் கொண்டுபோகப்பட்டார்கள். ஊரே கொந்தளித்தது. பெரும்பாலான குழந்தைகள் பின்னர் வீடு திரும்பினார்கள். மறு ஆண்டு வெளியான விசாரணை அறிக்கை, பெண் நீதிபதி ஒருவர் தலைமையில் எழுதப்பட்டது. இப்படிப்பட்ட கொடுமை இல்லவே இல்லை என்று அது சொல்லவில்லை. உண்டு என்றே சொன்னது. ஆனால் ஒரே அடையாளத்தை வைத்து முடிவு கட்டாதே, குழந்தையின் பேச்சைக் காது கொடுத்துக் கேள், திரும்பத் திரும்பப் பரிசோதித்து அதை வதைக்காதே என்று எச்சரித்தது.

கைக்குழந்தையைப் பிடித்துக் குலுக்கினால் மூளைக்குள் ரத்தம் கசியும் என்று 1971-ல் எடுத்துக் காட்டியவர் இங்கிலாந்து டாக்டர் நார்மன் கத்கெல்ச். அவரே தம் தொண்ணூறு வயதுக்கு மேல், தம் கண்டுபிடிப்பை வைத்து நிரபராதிகளும் சிறை போகிறார்களோ என்று கவலைப்பட்டு எழுதினார். குலுக்குவது அபாயம் என்பதில் அவருக்குச் சந்தேகம் வரவில்லை. மற்ற காரணங்களைத் தேடாமல் தீர்ப்புச் சொல்வதைத்தான் அவர் ஆட்சேபித்தார்.

ஹாலந்தின் கேள்வித்தாளுக்கும் இந்தக் குறை உண்டு. அது அடையாளம் காட்டும் குழந்தைகளில் பெரும்பாலோருக்குக் கடைசியில் ஒன்றுமில்லை என்றே தெரியவரும். அதனால்தான் அங்கே தாளைப் பார்த்துத் தண்டிப்பதில்லை. அனுபவமுள்ள குழந்தை டாக்டர் ஒருவர் மறுபடி பார்க்கிறார். பரிசோதனை என்பது வாசற்கதவு, தீர்ப்பு அல்ல.

நம் நாட்டில்

நம் நாட்டு நிலைமை என்ன? மத்திய அரசு 2007-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில் 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் பேசினார்கள். மூவரில் இருவர் அடி உதை பட்டதாகச் சொன்னார்கள். பாதிக்கு மேற்பட்டவர்கள் ஏதாவது ஒரு வகைப் பாலியல் தொந்தரவைக் குறிப்பிட்டார்கள். 'அடியாத மாடு படியாது' என்று பழமொழி சொல்லும் ஊரில் முதல் விஷயம் அதிகமாக ஆச்சரியம் தராது. இரண்டாவது விஷயத்தைப் பற்றி வீட்டில் பேசக் கூசுகிறோம்.

2012-ல் வந்த போக்ஸோ சட்டம் அந்தக் கூச்சத்தை ஓரளவு உடைத்தது. பதினெட்டு வயதுக்கு உட்பட்டவருக்குப் பாலியல் கொடுமை நடந்திருக்கிறது என்று தெரிந்தால் அதைத் தெரிவிக்கவேண்டியது எல்லோருடைய கடமை. தெரிந்தும் மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை. டாக்டரும் இதற்கு விலக்கல்ல. பெண் குழந்தையைப் பெண் டாக்டர்தான் பரிசோதிக்கவேண்டும். பெற்றோரோ, குழந்தை நம்பும் வேறு ஒருவரோ பக்கத்தில் இருக்கவேண்டும். அவசரச் சிகிச்சைக்குப் 'போலீஸ் காகிதம் கொண்டு வா' என்று ஆஸ்பத்திரி திருப்பி அனுப்பக்கூடாது. பொறுப்பில் உள்ளவரே குழந்தையை அடித்துத் துன்புறுத்தினால் 2015-ஆம் ஆண்டுச் சிறார் நீதிச் சட்டம் இருக்கிறது. மூன்று ஆண்டு வரை சிறை விதிக்கலாம்.

பக்கத்து வீட்டுக் குழந்தையைப் பற்றி உங்களுக்குக் கவலையானால், எந்த நேரமும் 1098 என்ற எண்ணுக்கு டெலிபோன் செய்யலாம். காசு கிடையாது. நீங்கள் துப்பறியவேண்டாம், சாட்சி சேகரிக்கவேண்டாம். கவலைப்பட்டதைச் சொன்னால் போதும். விசாரிப்பது அவர்கள் வேலை.

உங்களுக்கு ஒரு வார்த்தை

சகோதரிகளே, இதைப் படித்துவிட்டு அண்டை அயல் குழந்தைகளின் முழங்கால்களை எண்ணத் தொடங்கிவிடாதீர்கள். ஓடுகிற குழந்தைக்கு முழங்காலில் காயம் இல்லாவிட்டால்தான் கவலை! ஆனால் தவழாத குழந்தையின் உடம்பில் ரத்தம் கட்டியிருந்தால், காரணம் என்ன சொல்லப்பட்டாலும் அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். உங்கள் குழந்தையாக இருந்தாலும் சரி, ஆயாவிடம் விட்டுவரும் குழந்தையாக இருந்தாலும் சரி. வியாதி என்றாலும் அன்றைக்கே தெரிவது நல்லது. வேறு ஏதாவது என்றாலும் அன்றைக்கே தெரிவது நல்லது. டாக்டர் கேள்வி கேட்டால் கோபித்துக்கொள்ளாதீர்கள். அவர் உங்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவில்லை. பேசத் தெரியாத உங்கள் குழந்தைக்காகப் பேசுகிறார்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். பிறந்த இரண்டாவது மாதத்தில்தான் குழந்தை அதிகமாக அழும். பால் கொடுத்தாலும் அழும், தூளியில் போட்டு ஆட்டினாலும் அழும். இரவெல்லாம் தூக்கமில்லாத தாய்க்கு ஒரு நிமிஷம் கை துறுதுறுக்கும். இதை எந்தத் தாயும் வெளியே சொல்வதில்லை. அந்த நிமிஷத்தில் செய்யவேண்டியது ஒன்றுதான்: குழந்தையைப் பத்திரமான இடத்தில் மல்லாக்கப் படுக்கவைத்துவிட்டு அறையை விட்டு வெளியே வாருங்கள். முகத்தைக் கழுவிக்கொள்ளுங்கள். மாமியாரையோ, அடுத்த வீட்டு அக்காவையோ, கணவரையோ கூப்பிடுங்கள். பத்து நிமிஷம் அழுவதால் குழந்தைக்கு ஒன்றும் ஆகிவிடாது. ஐந்து விநாடி குலுக்கினால் ஆயுளுக்கும் ஆகிவிடலாம்.

அப்படி ஒருத்தி உங்களைக் கூப்பிட்டால், "நாங்களெல்லாம் பெற்று வளர்க்கவில்லையா?" என்று கேட்காதீர்கள். ஒரு மணி நேரம் குழந்தையை வாங்கிக்கொண்டு அவளைத் தூங்க விடுங்கள். டென்வர் டாக்டர்கள் பல ஆண்டு ஆராய்ந்து, துணையில்லாத தாய்மாருக்குத் துணையிருக்கப் பக்குவமுள்ள பெண்களை வீட்டுக்கே அனுப்பும் ஏற்பாடு செய்தார்கள். நமக்கு அதற்கு ஏற்பாடு எதுவும் வேண்டியதில்லை. நடுவில் இருப்பது ஒரு சுவர்தான்.